நாலாம் நம்பர் பதில் சொல்கிறது

என் நாத்தனாரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லவேண்டி வரும் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் வாய்விட்டுச் சிரித்திருப்பேன். என் கணவரின் அக்கா அவர். எனக்குக் கல்யாணமான புதிதில் எங்கள் வீட்டுக்கு வந்தவர், நான் குளித்துவிட்டு வருவதற்குள் சமையலறை அலமாரியைத் திறந்து, டப்பா டப்பாவாக எடுத்து, உப்பு, சர்க்கரை, மாவு என்று சீட்டு எழுதி ஒட்டி வைத்திருந்தார். என் சமையலறையில் எது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாதாம்! அவர் கிளம்பிப் போனதும் ஒன்றுவிடாமல் கிழித்துப் போட்டேன். அதற்குப் பிறகு எங்களுக்குள் பேச்சு என்பது, யார் வீட்டு விசேஷத்திலாவது பார்த்தால், "நல்லா இருக்கியா?", "இருக்கேன் அண்ணி" என்பதோடு சரி.

அப்படிப்பட்ட நானே போனை எடுத்து அவரைக் கூப்பிட்டேன் என்றால் வீட்டில் நிலைமை எப்படி இருந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நானும் என் கணவரும் ஒரே சோப்புத் தொழிற்சாலையில் வேலை செய்கிறோம். நான் நாலாம் லைனை ஓட்டுகிறவள். அவர் எலக்ட்ரீஷியன். சோப்புக் கட்டிகளை அச்சிலிருந்து பேக்கிங் பக்கம் கொண்டுபோகும் பெல்ட்டுகள் ஒன்றை அடுத்து ஒன்றாக ஓடும். என்னுடையதற்கு அடுத்தது ஐந்தாவது. நடுவில் ஆள் உயரத்துக்கு ஒரு தகரத் தடுப்பு. அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது. எட்டிப் பார்க்க நேரமும் கிடையாது.

ஐந்தாம் பெல்ட்டின் டிரைவ், அதாவது மோட்டாரை ஓட்டுகிற பெட்டி, கருகிப்போயிற்று. புதுசு மாட்டுவது இவர் வேலை. கூடவே மெக்கானிக் தாடி அண்ணன். அவருக்கு இப்போது தாடி கிடையாது. எப்போதோ வைத்திருந்தாராம், எடுத்த பிறகும் பெயர் மட்டும் போகவில்லை. இவரும் அவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். மாப்ளே, மாப்ளே என்று கூப்பிட்டுக்கொண்டு, டீ இடைவேளையில் ஒரே பிஸ்கெட் பாக்கெட்டுக்கு அடித்துக்கொள்ளுகிற சிநேகிதம்.

எங்கள் தொழிற்சாலையில் ஒரு வழக்கம் உண்டு. மெஷினில் கைவைக்கிறவர் மெயின் சுவிட்சை அணைத்து, அதில் தன் சொந்தப் பூட்டைப் போட்டு, சாவியைத் தன் பையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். தாடி அண்ணனும் பூட்டிவிட்டுத்தான் வேலை பார்த்தார். புது டிரைவுக்குப் பவர் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்று இவர் சொன்னதும் பூட்டை எடுத்தார். இவர் சுவிட்சைப் போட்டார். பவர் இருந்தாலும் ஸ்டார்ட் கொடுக்காமல் பெல்ட் நகராது, அது எங்கள் எல்லாருக்கும் தெரிந்ததுதான். அந்தத் தைரியத்தில் தாடி அண்ணன் உருளையில் ஒட்டியிருந்த சோப்புப் பிசிறைத் துணியால் துடைத்தார். பெல்ட் ஓடியது. வலது கை விரல்கள் துணியோடு உள்ளே போய்விட்டன.

இவர் பாய்ந்து பவரை அணைத்ததால் விரல்கள் கையோடு மிஞ்சின. ஆனால் எலும்பு நொறுங்கிவிட்டது.

அந்த நேரம் இவர் கையில் இருந்தது டிரைவின் கீபேட். உள்ளங்கை அளவு பலகை, சுருள் வயரோடு தனியாகக் கழன்று வரும். அதில் ஒரு பச்சைப் பொத்தான், அதை அழுத்தினால் பெல்ட் ஓடும். அப்புறம் என்ன வேண்டும்? யாரும் யாரையும் கேட்கவே இல்லை. தொழிற்சாலை முழுக்க ஒரே பேச்சுதான்: கை தவறி அழுத்திவிட்டான், ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறான்.

"நான் அழுத்தல" என்றார் இவர். மேனேஜரிடமும் அதையே சொன்னார். மேனேஜர் வெளியிலிருந்து ஒரு நிபுணரைக் கூட்டிவந்தார். அந்த மனிதர் எல்லா லைனையும் நிறுத்தச் சொல்லிவிட்டு, ஐந்தாம் பேனலைத் திறந்து டிரைவை இப்படியும் அப்படியும் பார்த்தார். "டிரைவ் நல்லா இருக்கு. இது தானா ஓடாது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பேனலுக்கு சீல் வைத்தார்கள். இவரை வீட்டில் இருக்கச் சொன்னார்கள். விசாரணை முடியும்வரை உள்ளே வரக்கூடாது.

வேலை போனால் போகட்டும், எங்களுக்குக் கையும் காலும் இருக்கிறது. இவரை உடைத்தது அது இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தோம். தாடி அண்ணன் கட்டுப்போட்ட கையைத் தலையணைமேல் தூக்கி வைத்துக்கொண்டு படுத்திருந்தார்.

"அழுத்திட்டேன்னு சொல்லிடு மாப்ளே" என்றார். "கை தவறிடுச்சுன்னு சொல்லு. நான் அப்பவே மறந்துடுறேன். என் மூஞ்சியப் பாத்து பொய் மட்டும் சொல்லாத."

"நான் அழுத்தலடா."

தாடி அண்ணன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவ்வளவுதான். நாங்கள் வாங்கிப்போன ஆரஞ்சுப் பழங்களை அவர் மனைவி திருப்பி என் கையிலேயே கொடுத்துவிட்டார்.

அதற்குப் பிறகு இவர் சரியாகச் சாப்பிடவில்லை. சாப்பாட்டுத் தட்டின்முன் உட்கார்ந்துகொண்டு தன் கட்டைவிரலையே பார்ப்பார். ஒரு நாள் கேட்டார்: "ஏம்மா, ஒருவேளை அழுத்திட்டேனோ? எனக்கே தெரியாம?"

பொய் சொல்லத் தெரியாத மனிதர். வீட்டுக்கு வந்த விருந்தாளியிடமே "காபி கொஞ்சம் ஆறிப்போச்சு" என்று சொல்லிவிட்டுக் கொடுக்கிறவர். அவர் தன்னையே சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டார். அந்த நிமிஷம்தான் போனை எடுத்தேன். நாத்தனாருக்கு இதுதான் தொழில். தொழிற்சாலைகளில் மெஷினும் மெஷினும் பேசிக்கொள்கிற வழியைப் போட்டுக்கொடுப்பார்.

எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, "உங்க தம்பி பொய் சொல்ல மாட்டாரு. நீங்களாவது நம்புறீங்கல்ல அண்ணி?" என்றேன்.

"தெரியலையே. வந்து பாக்கறேன்" என்றார்.

தெரியலையாம்! கூடப் பிறந்த தம்பி! போனைச் சுவரில் எறியலாம் போல இருந்தது. போன் என்ன பாவம் செய்தது என்று கீழே வைத்தேன்.

மறுநாள் சாயங்காலமே வந்து இறங்கினார். தோளில் அவர் எடைக்கு ஒரு பை. செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றாமல் தம்பியைக் கூடத்தில் உட்காரவைத்து, அன்றைக்கு எங்கே நின்றாய், எந்தக் கையில் எதைப் பிடித்திருந்தாய் என்று போலீஸ்காரர் மாதிரி கேட்டார். ஆறுதலாக ஒரு வார்த்தை? மூச். பிறகு சமையலறைக்கு என்னிடம் வந்தார்.

"அன்னிக்கு அந்த நேரத்துல நீ என்ன பண்ணிட்டு இருந்தே?"

"ஏன், இப்ப என்னையும் சந்தேகப்படுறீங்களா?" என்றேன். கரண்டி கையில் இருந்தது.

"சந்தேகப்படல. கேக்கறேன்."

"டீ டைம் முடிஞ்சு சங்கு ஊதுச்சு. என் லைனை ஓட்டினேன். உடனே அந்தப் பக்கம் தாடி அண்ணன் கத்துற சத்தம் கேட்டுச்சு."

"உன் லைன்ல ஏதாவது வித்தியாசம்?"

யோசித்துப் பார்த்தேன். "நாலுல சிவப்பு விளக்கு ஒரு தடவ மின்னிச்சு. அப்புறம் போயிடுச்சு. அதுக்கு முன்னாடியும் மின்னினதில்ல, பின்னாடியும் மின்னல."

நாத்தனார் ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "அது என்ன விளக்குன்னு தெரியுமா?"

"என்னமோ தகராறுன்னு அர்த்தம். எங்களுக்கு அவ்வளவுதான் சொல்லிக்குடுத்திருக்காங்க."

அலமாரியைத் திறந்து என் டப்பாக்களை வரிசையாக மேடையில் எடுத்து வைத்தார். சீட்டு ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை என்பதைக் கவனித்தார், கவனித்ததை நானும் கவனித்தேன். குடத்தை எடுத்து நடுவில் வைத்தார்.

"இதான் உங்க பி.எல்.சி., அந்தப் பெரிய கன்ட்ரோலர். இந்த டப்பாவெல்லாம் டிரைவ். எல்லாத்துக்கும் சேத்து ஒரே வயர்தான். எல்லாரும் ஒரே நேரத்துல பேசினா என்ன ஆகும்?"

"நம்ம வீட்டு விசேஷம் மாதிரி ஆகும்."

சிரித்துவிட்டார். அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை. "அதனால ஒரு முறை வெச்சிருக்காங்க. மோட்பஸ்னு பேரு. கன்ட்ரோலர் மட்டும்தான் பேச்சை ஆரம்பிக்கும். 'நாலு, ஓடு'ன்னு சொல்லும். வயர்ல இருக்கற எல்லாருக்கும் அது காதுல விழும். ஆனா நாலு மட்டும்தான் செய்யணும், நாலு மட்டும்தான் 'சரி, ஓடறேன்'னு பதில் சொல்லணும். மத்ததெல்லாம் வாயை மூடிட்டு இருக்கும். பேச்சோட கடைசியில ஒரு சின்னக் கணக்கு சேத்து அனுப்பும். வழியில ஒரு எழுத்து கெட்டுப்போனாக்கூடக் கணக்கு இடிக்கும். இடிச்சா, கேட்ட பேச்சை அப்படியே தூக்கிப் போட்டுட்டு மறுபடி கேக்கும். அப்பதான் உன் சிவப்பு விளக்கு மின்னும்."

கேட்கக் கேட்க எனக்கு ஆச்சரியமாக இருந்தது. இத்தனை காலம் ஒரு பொத்தானைத் தட்டிவிட்டு நகர்ந்துகொண்டிருந்தேன். தட்டியதற்கும் பெல்ட் நகர்வதற்கும் நடுவில் இவ்வளவு மரியாதையான ஒரு பேச்சுவார்த்தை நடக்கிறதா! குறுக்கே பேசுவது இல்லை, அரைகுறையாகக் கேட்டதை வைத்துக்கொண்டு சண்டைக்குப் போவது இல்லை. எங்கள் குடும்பத்தில் ஒருத்தருக்கும் இந்தப் பழக்கம் கிடையாது, என்னையும் சேர்த்து.

"அன்னிக்கு நாலோட பதில் ஏன் கெட்டுப்போச்சு?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டே டப்பாக்களைத் திரும்ப அடுக்கினார். ஒன்றுகூட இடம் மாறவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

விசாரணைக்கு விஷயம் தெரிந்த ஒருவரைக் கூட்டிவர இவருக்கு உரிமை இருந்தது. அப்படித்தான் நாத்தனார் உள்ளே வந்தார். மேனேஜர், நான், இவர், இன்னும் சிலர். தாடி அண்ணனையும் வரச்சொல்லியிருந்தார்கள். கையைக் கழுத்தோடு கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு, இவர் இருந்த பக்கமே பார்க்காமல் தள்ளி நின்றார்.

நாத்தனார் வேலைசெய்வதை அன்றைக்குத்தான் பார்த்தேன். முதலில் ஐந்தாம் பெல்ட்டைச் சுற்றிக் கயிறு கட்டி, யாரும் உள்ளே வரக்கூடாது என்றார். மேனேஜரையும் கொஞ்சம் தள்ளி நிற்கவைத்தார். பிறகு பேனல் சீலைப் பிரிக்கச்சொல்லி ஐந்தாம் டிரைவுக்குப் பவர் போட்டார். எதுவும் ஓடவில்லை. மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"இப்படித்தானே அந்த நிபுணரும் பாத்தாரு? லைன் எல்லாத்தையும், கன்ட்ரோலரையும் நிறுத்திட்டு?" என்று கேட்டார். "வயர்ல யாரும் பேசாதப்போ காது குடுத்தா என்ன கேக்கும்?"

கன்ட்ரோலருக்கும் மற்ற டிரைவுகளுக்கும் பவர் போடச்சொல்லிவிட்டு, லேப்டாப்பிலிருந்து ஒரு மெல்லிய கேபிளை எடுத்து அந்தப் பொது வயரில் சொருகினார். திரையில் எண்கள் வரிவரியாக ஓடின. எனக்கு அது எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. அவருக்கு அது பேச்சு. ஒவ்வொரு வரியையும் விரலால் தொட்டு, "இது மூணைக் கேக்குது. மூணு பதில் சொல்லுது. இது நாலைக் கேக்குது. இந்தா, பதில் கெட்டுப்போச்சு. மறுபடி கேக்குது. மறுபடி கெட்டுப்போச்சு" என்று வாசித்தார். என் லைனில் சிவப்பு விளக்கு மின்னியது. அதேதான்!

"அஞ்சை யாரும் கேக்கலையே?" என்றார் மேனேஜர்.

"ரிப்பேர்ல இருக்குன்னு கன்ட்ரோலர்ல அஞ்சை விட்டுட்டாங்க. அதைக் கேக்கறதே இல்ல." சொல்லிக்கொண்டே நாத்தனார் எங்கள் பக்கம் வந்து, என் நாலாம் டிரைவின் மெயின் சுவிட்சை அணைத்தார். தன் பையிலிருந்து தன் பூட்டை எடுத்துப் போட்டார். சாவியை மேனேஜர் கையில் கொடுத்தார். "நாலு இப்ப செத்துப்போச்சு. சரிதானே? பவரே இல்ல. இனிமே கன்ட்ரோலர் நாலைக் கேட்டா என்ன வரணும்?"

"ஒண்ணும் வரக்கூடாது" என்றார் மேனேஜர்.

"வந்து பாருங்க."

எல்லாரும் திரையைச் சுற்றி நின்றோம். கன்ட்ரோலர் நாலைக் கேட்டது. பதில் வந்தது. சுத்தமான பதில், ஒரு எழுத்து பிசகாமல். மறுபடி கேட்டது. மறுபடி வந்தது. என் சிவப்பு விளக்கும் அணைந்துபோயிற்று.

"அடக் கடவுளே, யாரு பேசுறது?" என்றேன்.

நாத்தனார் தகரத் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்த ஐந்தாம் பேனலைக் காட்டினார். அப்புறம் தம்பியைப் பார்த்தார். அந்த முகம் எனக்கு இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. கண்டுபிடித்த சந்தோஷம் துளியும் இல்லை.

"டேய்" என்றார் மெதுவாக. "புது டிரைவுக்கு செட்டிங்கெல்லாம் எப்படிப் போட்டே?"

"நாலுல இருந்து கீபேட்ல காப்பி பண்ணி எடுத்துட்டு வந்தேன்க்கா. டீ டைம்ல. ஒவ்வொண்ணா அடிச்சா நேரமாகும்னு..." பாதியில் நின்றுவிட்டார். அவருக்குப் புரிந்துவிட்டது. எனக்கும் புரிந்துவிட்டது. வேகம், மோட்டார் அளவு எல்லாவற்றோடும் சேர்ந்து நம்பரும் வந்துவிட்டது. ஐந்தும் தன்னை நாலு என்று நினைத்துக்கொண்டிருந்தது. நாலைக் கூப்பிட்டபோதெல்லாம் இரண்டும் ஒரே நேரத்தில் பதில் சொல்லி, பதில் கெட்டுப்போயிருக்கிறது.

நான் நாத்தனார் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தேன். "அண்ணி, உங்களுக்குக் கோடிப் புண்ணியம். அது தானா ஓடுச்சுன்னு மட்டும் சொல்லுங்க. காப்பி விஷயம் நமக்குள்ளயே இருக்கட்டும்."

"பாதி சொன்னா, வேற ஒருத்தன் இதே மாதிரி காப்பி பண்ணுவான். இன்னொரு கை போகும்."

"உங்க தம்பி அண்ணி!"

"அதனாலதான் முழுசா சொல்லணும்" என்றார். "மேனேஜர்ட்ட சாவி வாங்கி, பூட்டை எடுத்து நாலுக்குப் பவர் போடறேன். நீ போய் உன் லைனை ஓட்டு. அன்னிக்குத் தட்டின மாதிரியே தட்டு."

போய் நின்றேன். எத்தனையோ தடவை கண்ணை மூடிக்கொண்டு தட்டிய பொத்தான் அது. அன்றைக்கு அதையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றேன். தட்டினேன். என் பெல்ட் ஓடியது. தடுப்புக்கு அந்தப் பக்கம், ஆளே இல்லாத, கயிறு கட்டிய ஐந்தாம் பெல்ட்டும் சேர்ந்து ஓடியது. அந்தச் சத்தம் கேட்டதும் தாடி அண்ணன் கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

இவர் அழுத்தவில்லை. அழுத்தியது நான். என் லைனை ஓட்டுவதாக நினைத்துக்கொண்டு இந்த விரலால் நான்தான் அழுத்தியிருக்கிறேன். அங்கேயே ஒரு சோப்புப் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டேன்.

பெல்ட்டுகளை நிறுத்தியதும் நாத்தனார் வாயைத் திறந்தார். அதற்குள் இவரே முன்னால் போய்விட்டார். மேனேஜரிடம் போகவில்லை, தாடி அண்ணனிடம் போனார்.

"மாப்ளே, நம்பரை மாத்தாம காப்பி பண்ணினது நான்தான். அந்தத் தப்பு என்னோடது. அதுக்கு நீ என்ன வேணா சொல்லு, கேட்டுக்கறேன். ஆனா நான் அழுத்தலடா."

தாடி அண்ணன் நல்ல கையால் இவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். அடிக்கப்போகிறார் என்றே நினைத்தேன். "அழுத்தலடா நீ" என்றார். "நீ அழுத்தல. நான்தான் நம்பாம போயிட்டேன்." அப்புறம் இரண்டு பேரும் எல்லார் முன்னாலும் சின்னப் பிள்ளைகள் மாதிரி அழுதார்கள். மேனேஜர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார், பாவம், அவருக்கு வேறு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

இவருக்கு எழுத்தில் கண்டிப்பு வந்தது, வேலை போகவில்லை. காப்பி எடுக்கிறவர் நம்பரை மாற்றிவிட்டு, இன்னொருவரைக் கூப்பிட்டுக் காட்டின பிறகுதான் பவர் போடவேண்டும் என்று முறை வைத்தார்கள். நாத்தனார் போவதற்குமுன் ஒவ்வொரு டிரைவின் நெற்றியிலும் அதன் நம்பரைப் பெரிதாகச் சீட்டெழுதி ஒட்டினார். ஒரு சீட்டையும் நான் கிழிக்கவில்லை.

ஊருக்குக் கிளம்பும்போது கேட்டே விட்டேன். "அன்னிக்குப் போன்ல நம்புறேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல அண்ணி? எவ்வளவு வயிறெரிஞ்சேன் தெரியுமா?"

"நம்புறேன்னு சொல்லியிருந்தா, ஆறுதல் சொல்லிட்டுப் போனை வெச்சிருப்பேன். வந்திருக்க மாட்டேன்" என்றார் செருப்பை மாட்டிக்கொண்டே.

நான் அலமாரியைத் திறந்து காட்டினேன். "சரி, ஒட்டிட்டுப் போங்க."

"எதுக்கு? எது எங்க இருக்குன்னுதான் உனக்குத் தெரியுமே" என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார். வாய்! எனக்கு மேலே இருக்கிறது அந்த வாய். என் கணவர் வீட்டில் எனக்குச் சரியான ஜோடி ஒருத்தி இருந்திருக்கிறாள், இத்தனை வருஷம் தெரியாமல் இருந்துவிட்டேன்.

தாடி அண்ணன் வேலைக்குத் திரும்பிவிட்டார். ஒரு விரல் மட்டும் மடங்காது. இப்போது ஐந்தாம் லைன் பக்கம்தான் அவருக்கு வேலை. நம்பர் எல்லாம் சரியாக இருக்கிறது, இனி என் பொத்தான் ஐந்தை ஓட்டாது என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் சங்கு ஊதினதும் பொத்தானில் கைவைத்துக்கொண்டு, தடுப்புக்கு மேலாகக் கத்துவேன்.

"நாலு ஓட்டப்போறேன்!"

தடுப்புக்கு மேலே ஒரு கை எழும்பும். ஒரு விரல் மட்டும் விறைத்து நிற்கும்.

"அஞ்சு நிக்குதும்மா, ஓட்டு!" என்பார் தாடி அண்ணன். அதைக் கேட்ட பிறகுதான் தட்டுவேன்.